ஃபயர்வாலை அணைச்சுப் பாத்தீங்களா?

லினக்ஸ் பொட்டியில் போர்ட் ஃபார்வேர்டிங் வேலை செய்யவில்லை என்று யாரிடம் போய் நின்றாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். "ஃபயர்வாலை அணைச்சுப் பாத்தீங்களா?" அடுத்து, "இந்த ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்க". அதற்கடுத்து, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க". நாலாவதாக வருவது தீர்ப்பு. "லினக்ஸே இப்படித்தான் பாஸ், பேசாம விண்டோஸ் போடுங்க."

இந்த நாலில் ஒன்றுகூட உருப்படியான யோசனை இல்லை. அதிலும் முதல் கேள்வி இருக்கிறதே... அது யோசனையே இல்லை. கதவைக் கழற்றி எறிந்துவிட்டு "இப்ப காலிங் பெல் அடிக்குதா பாருங்க" என்று கேட்கிற மாதிரி. ஏன் என்று பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு ஊருக்குப் போகலாம்.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் வரும் ஊர் இண்டூர். ஒகேனக்கல் போகிற டூரிஸ்ட்டுகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிற ஊர். அங்கே ஒரு புளி மண்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (கற்பனை மண்டிதான், யாரும் சண்டைக்கு வர வேண்டாம் :-) ). மண்டியில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், அதில் டேலி. இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பழைய லேப்டாப். 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வீட்டுப் பையனுக்கு வந்தது. பேட்டரி செத்து, கீபோர்டில் நாலு எழுத்து போய், லினக்ஸ் போட்டு ரவுட்டராக உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு நெட்வொர்க் கார்டுக்கு யுஎஸ்பியில் ஒரு குட்டி அடாப்டர். ஆடிட்டர் தர்மபுரியில் இருக்கிறார். அவர் அங்கிருந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப்பில் மண்டிக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி நெருங்குகிறது. இவ்வளவுதான் கதை.

ஊரில் "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்" ஒருத்தன் எல்லா ஊரிலும் இருப்பான். அவன் வருகிறான். எங்கிருந்தோ நாற்பது வரி ஐபிடேபிள்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்து ஒட்டுகிறான்.

"அண்ணா, போட்டாச்சு. இப்ப ஆடிட்டர்கிட்ட பாக்கச் சொல்லுங்க."

"வரலையாம் தம்பி."

"அப்ப ஃபயர்வாலை மொத்தமா எடுத்துடறேன் அண்ணா... இப்ப?"

"இப்பவும் வரலையாம். மண்டியிலயே நெட்டும் போயிடுச்சு தம்பி!"

நெட் போனதுதான் இந்தக் கதையின் முக்கியமான வரி. பையன் அதைக் கவனிக்காமல் ரீஸ்டார்ட் பண்ணப் போய்விடுவான். கவனித்திருந்தால் பாதிப் பிரச்சனை அங்கேயே புரிந்திருக்கும்.

விண்டோஸில் ஃபயர்வால் என்பது தனியாக ஒரு பூட்டு. அணைத்தால் மற்றதெல்லாம் அப்படியே ஓடும். அந்தப் பழக்கத்தில்தான் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். லினக்ஸில் அப்படி இல்லை. தடுக்கிற வேலையும், உள்ளிருப்பவர்களின் முகவரியை மாற்றி வெளியே அனுப்புகிற வேலையும், வெளியே வருகிற பாக்கெட்டை உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குத் திருப்பி விடுகிற வேலையும், எல்லாமே கெர்னலுக்குள் இருக்கிற நெட்ஃபில்ட்டர் என்கிற ஒரே இடத்தில்தான் நடக்கிறது. 2001ல் வந்த 2.4 கெர்னலில் இருந்து இப்படித்தான். அதற்கு முன் 2.2 காலத்தில் ஐபிசெயின்ஸ், அதற்கும் முன் ஐபிஎஃப்டபிள்யூஅட்மின். 2014 ஜனவரியில் 3.13 கெர்னலோடு என்எஃப்டேபிள்ஸ் வந்தது. பெயர் மாறியது, ஏற்பாடு அதேதான். ஃபயர்வால்டி ஓடுகிற பொட்டியில் அந்தச் சர்வீஸை நிறுத்தினால் அது போட்டிருந்த ஃபார்வேர்டிங் விதியும் சேர்ந்தே போய்விடும். அதாவது "ஃபயர்வாலை அணைச்சுப் பாத்தீங்களா" என்றால், "எதைச் சோதிக்கணுமோ அதை அழிச்சிட்டுச் சோதிச்சீங்களா" என்று அர்த்தம்!

இன்னொரு கூத்தும் உண்டு. ஐபிடேபிள்ஸுக்கு மைனஸ் எஃப் கொடுத்தால் எல்லாம் காலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலியாவது ஃபில்ட்டர் டேபிள் மட்டும். நாட் டேபிள் அப்படியே இருக்கும். பாலிசியும் அப்படியே இருக்கும். பாலிசி டிராப் என்று இருந்தால், அனுமதி கொடுத்த விதிகள் எல்லாம் போய் தடை மட்டும் மிச்சம் நிற்கும். தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உட்கார்ந்து இதைச் செய்தவர்கள் பஸ் பிடித்துப் போய் மானிட்டரைச் செருகிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

சரி, ஸ்கிரிப்டுக்கு வருவோம். இந்த நாற்பது வரி ஸ்கிரிப்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் சிரிப்பாக இருக்கும். யாரோ, ஏதோ ஒரு நாட்டில், கேபிள் மோடத்துக்காக, 2003 வாக்கில் எழுதியது. ஈத்0 வெளியே, ஈத்1 உள்ளே என்று இருக்கும். இன்றைக்குப் பெரும்பாலான டிஸ்ட்ரிபியூஷன்களில் கார்டின் பெயரே ஈத்0 கிடையாது. அது செருகியிருக்கும் இடத்தை வைத்து நீளமாக ஒரு பெயர் வரும். யூசர்நேம் பாஸ்வேர்ட் கொடுத்து டயல் பண்ணுகிற பிபிபிஓஇ கனெக்‌ஷன் என்றால் வெளி வாசல் ஈத்0வும் இல்லை, அந்த நீளப் பெயரும் இல்லை. பிபிபி0. ஸ்கிரிப்ட் ஒரு எரர் கூடக் காட்டாமல் ஓடி முடியும். ஏனென்றால் இல்லாத கார்டின் பெயரில் விதி எழுதுவது ஐபிடேபிள்ஸுக்குத் தப்பே கிடையாது. நாளைக்கு அந்தக் கார்டு வரலாம் என்று பொறுமையாகக் காத்திருக்கும். எரர் வரவில்லை, ஆகவே ஸ்கிரிப்ட் சரி என்று பையன் நினைத்துக்கொள்வான்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது புரிய வேண்டும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று முதல் வருஷப் பரீட்சையில் எழுதினாலே மார்க் போய்விடும். ராமுவின் கணக்கில் எழுத வேண்டியதைச் சோமுவின் கணக்கில் எழுதினாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகும். எரர் இல்லாமல் ஓடிய ஸ்கிரிப்டும் அந்த ரகம்தான்.

அப்படியானால் ஆடிட்டர் என்ன செய்வார்? வவுச்சரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொடர்ந்து போவார். பாக்கெட்டையும் அப்படித்தான் தொடர வேண்டும். இதில் ராக்கெட் சயின்ஸ் ஒன்றும் இல்லை.

முதல் இடம், வெளி வாசல். டிசிபிடம்ப் என்கிற புரோகிராமை பிபிபி0வில் ஓடவிட்டு, தர்மபுரியிலிருந்து ஒரு தடவை முயற்சி செய்யச் சொல்ல வேண்டும். டிசிபிடம்ப்பின் அழகு என்னவென்றால், உள்ளே வருகிற பாக்கெட்டை ஐபிடேபிள்ஸ் தொடுவதற்கு முன்னாலேயே அது பார்த்துவிடும். அங்கே ஒன்றுமே தெரியவில்லை என்றால் பாக்கெட் மண்டி வரைக்கும் வரவே இல்லை. ஸ்கிரிப்டை எத்தனை தடவை மாற்றினாலும் புண்ணியம் இல்லை. இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிஷம் ஆகும். இதைச் செய்யாமல் ராத்திரி முழுக்க விதி மாற்றிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

வந்தது என்றால் அடுத்து நாட் டேபிளின் ப்ரீரவுட்டிங் செயின். இங்கேதான் இன்னொரு பிரபலமான அழுகை: "விதியே ஏறலை, லிஸ்ட்ல காட்டவே மாட்டேங்குது!" மைனஸ் எல் மட்டும் போட்டால் ஃபில்ட்டர் டேபிளைத்தான் காட்டும். நாட் டேபிளைப் பார்க்க அதன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கூடவே மைனஸ் வி சேர்த்தால் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் எத்தனை பாக்கெட் பொருந்தியது என்கிற எண் வரும். அந்த எண்தான் லெட்ஜர். தர்மபுரியில் ஒரு தடவை முயற்சி செய்தால் இங்கே எண் ஏற வேண்டும். பூஜ்யமாகவே இருந்தால் விதியில் எழுதிய கார்டோ போர்ட்டோ தப்பு. ஒரு விஷயம்: நாட் டேபிள் ஒரு கனெக்‌ஷனின் முதல் பாக்கெட்டை மட்டும்தான் பார்க்கும், மற்றதை கனெக்‌ஷன் டிராக்கிங் பார்த்துக்கொள்ளும். ஆகவே மெதுவாகத்தான் ஏறும், பயப்பட வேண்டாம். விதியை மாற்றிய பிறகும் பழைய கனெக்‌ஷன் பழைய வழியிலேயே போவதற்கும் இதுதான் காரணம்.

அடுத்தது ஃபார்வேர்டு செயின். காப்பி பேஸ்ட் கோஷ்டி மொத்தமாக விழுகிற குழி இது. வெளியே 50000, உள்ளே 192.168.1.10ல் 3389 என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரீரவுட்டிங்கிலேயே முகவரி மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு ஃபார்வேர்டு செயினுக்கு வரும்போது பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பது 192.168.1.10, 3389. அங்கே போய் 50000க்கு அனுமதி என்று விதி எழுதினால் யாருக்கு அனுமதி? வராத ஒருத்தருக்கு. நிறைய ஸ்கிரிப்டுகளில் இந்த விதியே இருக்காது, அல்லது கடைசியில் எல்லாவற்றையும் தடுக்கிற விதிக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டிருக்கும். மைனஸ் ஏ கொடுத்தால் விதி வரிசையின் வாலில்தான் சேரும். மேலே இருக்கிறவர் "போ வெளியே" என்று சொன்ன பிறகு கீழே இருக்கிறவர் "வாங்க வாங்க" என்று சொல்லி என்ன பயன்?

இதோடு ஐபி ஃபார்வேர்டிங் என்கிற ஒரு சுவிட்ச். ஒன்று என்று இருக்க வேண்டும். கையால் ஒன்று போட்டால் ரீஸ்டார்ட்டில் பூஜ்யம் ஆகிவிடும். நேற்று ஓடியது, கரண்ட் போய் வந்ததும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் இதுவாகவோ, சேமிக்காத விதிகளாகவோ இருக்கும்.

திரும்பி வரும் வழியை யாரும் யோசிப்பதே இல்லை. பாக்கெட் மண்டிக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் எப்படித் திரும்பும்? அந்தக் கம்ப்யூட்டரின் டீஃபால்ட் கேட்வே இந்த லேப்டாப்பாக இருக்க வேண்டும். பையன் அதன் வைஃபையை வேறொரு ஹாட்ஸ்பாட்டில் போட்டு வைத்திருந்தால் பதில் அந்த வழியாகப் போய்விடும். தர்மபுரி கம்ப்யூட்டர், தான் பேசாத யாரோ பதில் சொல்வதாக நினைத்து எறிந்துவிடும். அதே மாதிரிதான் மண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டிப் பார்ப்பதும். உள்ளேயிருந்து போய், திரும்பி உள்ளேயே வந்து, பதில் மட்டும் நேராகப் போய்... தனியாக ஒரு விதி எழுதாமல் அது வேலை செய்யாது. "வேலை செய்யலை" என்று அழுகிறவர்களில் கணிசமானவர்கள் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, தப்பான இடத்திலிருந்து சோதித்துவிட்டு, சரியாக இருந்ததைக் கலைத்தவர்கள். ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். (உள்ளே இருப்பது விண்டோஸ் ஹோம் எடிஷன் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பில் யாரையும் உள்ளே விடாது. அதற்கும் லினக்ஸைத்தான் திட்டுவார்கள்!)

இப்போது முதல் இடத்துக்கே திரும்பலாம். வெளி வாசலில் டிசிபிடம்ப் ஓடுகிறது, ஒரு பாக்கெட்டும் வரவில்லை. ஏன்?

லேப்டாப்பின் வெளி முகவரியைப் பார்க்க வேண்டும். பிறகு வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த மண்டி என்ன முகவரியில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கேஷ் புக்கும் பாஸ் புக்கும் மாதிரி. இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. உள்ளே பார்த்தது 100.64ல் இருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் ரீகன்சிலியேஷன் அதோடு முடிந்தது. அந்த முகவரிகள் 2012 ஏப்ரலில் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. கனெக்‌ஷன் கொடுக்கும் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு உள்முகவரி கொடுத்து, பல பேரை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் உட்கார வைக்கிறது. கேரியர் கிரேடு நாட் என்று பெயர். சில நிறுவனங்கள் 10ல் தொடங்கும் முகவரியும் கொடுக்கும். மண்டியில் ஒரு நாட், அதற்கு மேலே நிறுவனத்திடம் இன்னொரு நாட். மேலே இருக்கிற நாட்டில் மண்டிக்காரர் விதி எழுத முடியாது. தெருக்குழாய் வால்வு மூடியிருக்கும்போது சமையலறைக் குழாயை மாற்றிக்கொண்டிருந்தால் தண்ணீர் வருமா?

நிறுவனங்கள் செய்வதற்குக் காரணம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பு தீர்ந்தது, அதே வருஷம் ஏப்ரலில் ஆசிய பசிபிக் கையிருப்பும் கடைசி அடுக்குக்கு வந்து ரேஷன் முறை ஆகிவிட்டது. அதன் பிறகு ஃபோனும் ஃபைபருமாக நாடு முழுக்க வந்த கனெக்‌ஷன்களுக்கெல்லாம் தனித்தனி முகவரிக்கு எங்கே போவது? அது வரைக்கும் நியாயம்தான்.

கோபம் வருவது வேறு இடத்தில். இதை விளம்பரத்தில் சொல்வதில்லை. எத்தனை எம்பிபிஎஸ் என்று சொல்கிறார்கள், எந்தெந்த சினிமா இலவசம் என்று சொல்கிறார்கள், "உங்கள் பொட்டியை வெளியிலிருந்து யாராலும் தொடர்புகொள்ள முடியாது" என்று மட்டும் சொல்வதில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்". பத்து தடவை கேட்ட பிறகு ஸ்டேட்டிக் ஐபி என்று ஒன்று இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் என்பார்கள். பாதி விலைக்கு விற்கிற பொருளுக்குப் பாதிதான் தருகிறோம் என்று பில்லில் எழுத வேண்டாமா? கம்பெனி ஆண்டறிக்கையில் ஒரு வரி மறைத்தால் டிஸ்க்ளோஷர் இல்லை என்று வகுப்பில் அரை மணி நேரம் பேசுகிறோமே!

பழி யார் மேல் விழுகிறது என்றால், லினக்ஸ் மேல். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியது. சி-டாக் சென்னையில் செய்த பாஸ் லினக்ஸ், அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. கையில் வந்த லேப்டாப்பில் பல பேர் முதலில் செய்த காரியம் அந்த லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து, அங்கே படம் சேமித்ததுதான். அழித்ததில்கூடத் தப்பில்லை. அதில் ஒரு சின்ன நெட்வொர்க்கே கட்டலாம் என்று சொல்லித்தர ஆள் இல்லாததுதான் தப்பு. தெரிந்த ஆட்களும் யோக்கியம் இல்லை. கேட்டால் "மேனுவல் படி" என்பார்கள், இல்லையென்றால் தங்களுக்கே பாதி புரியாத அதே நாற்பது வரியைத் தூக்கிக் கொடுப்பார்கள். எந்த வரி எதற்கு என்று கேட்டால், "அது அப்படியே இருக்கட்டும், தொடாதே" என்று பதில் வரும். வவுச்சர் இல்லாத என்ட்ரிக்கு இதே பதிலை ஒரு கிளார்க் சொன்னால் ஆடிட்டர் விடுவாரா?

"கடைக்காரருக்கு வேலை நடந்தா போதும், இவ்வளவு எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். பதில் இதுதான்: பையனுடைய முறை வேலை *செய்துவிட்டால்* என்ன ஆகும் என்று பாருங்கள். ஸ்டேட்டிக் ஐபி வாங்கியாகிவிட்டது, எல்லாத் தடையும் எடுத்தாகிவிட்டது, ரிமோட் டெஸ்க்டாப் உலகத்துக்கே திறந்திருக்கிறது. பாஸ்வேர்ட் மண்டியின் பெயர், கூட ஒரு 123. முழு இன்டர்நெட்டையும் போர்ட் போர்ட்டாகத் தட்டிப் பார்க்கிற இயந்திரங்கள் ராத்திரி பகல் ஓடுகின்றன. 50000க்கு மாற்றி வைத்திருந்தாலும் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். 2016 அக்டோபரில் மிராய் என்கிற வைரஸ், மாற்றாத பாஸ்வேர்டோடு திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து அவற்றை வைத்தே டைன் நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர் உட்படப் பெரிய பெரிய தளங்கள் படுத்தன. 2017 மே மாதம் வான்னாக்ரை திறந்திருந்த 445 போர்ட் வழியாகப் பரவி கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்து பூட்டிப் போடுகிற கும்பல்கள் அதற்குப் பிறகும் குறையவில்லை. புளி மண்டிக் கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். யாருக்கு எவ்வளவு கடன், யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று இருக்கிறது. சீசன் நடுவில் அது பூட்டிக்கொண்டால் மண்டிக்காரர் வாய்க்கணக்கை நம்பி நிற்க வேண்டும்.

ஆகவே போர்ட்டைத் திறக்காமல் முடிந்தால் அதுவே மேல். வயர்கார்டு 2020 மார்ச்சில் 5.6 கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. வெளியே பொது முகவரியோடு ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, மண்டியிலிருந்து லேப்டாப் அதற்குப் போய்க் கைகொடுத்து நிற்க, தர்மபுரியிலிருந்து ஆடிட்டரும் அதற்கே வந்தால், மேலே எத்தனை நாட் இருந்தாலும் கவலையில்லை. உள்ளிருந்து வெளியே போவதை யாரும் தடுப்பதில்லையே. இல்லையென்றால் ஐபிவி6. கனெக்‌ஷனில் அது இருந்து, ஆடிட்டர் பக்கத்திலும் இருந்தால் முகவரி மாற்றுகிற வேலையே கிடையாது. ஃபார்வேர்டு செயினில் அவருக்கு மட்டும் ஒரே ஒரு அனுமதி விதி. ஆனால் ஐபிவி4க்கு எழுதின ஐபிடேபிள்ஸ் விதி ஐபிவி6ஐத் தடுக்காது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். நாற்பது வரி ஸ்கிரிப்டில் அது பெரும்பாலும் இருக்காது. முன் கதவில் நாற்பது பூட்டு, பின் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பையன் அடுத்த தடவை மண்டிக்கு வரும்போது ஸ்கிரிப்ட் எதுவும் கொண்டுவர வேண்டாம். டிசிபிடம்ப்பை ஓடவிட்டு ஆடிட்டருக்கு ஒரு ஃபோன் போட்டால் போதும். திரையில் ஒரு வரிகூட வரவில்லை என்றால், மண்டிக்காரர் அடுத்த ஃபோனை கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போட்டு, "எனக்குக் கொடுத்திருக்கிறது 100.64ல தொடங்குதே, ஏன் சார் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்கட்டும்.